செல்லுக்குள் ஒரு லைன்மேன் படை!



எலக்ட்ரிக்கல் படிக்கிற பையனுக்கு உயிரியலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது! நாம் படிக்கும் ரிலே, பிரேக்கர் எல்லாம் நம்ம உடம்புக்குள்ளேயே இருக்கின்றன.

நம் செல்லுக்குள் சுமார் 2 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. சுருண்டு கிடக்கிறது. இரண்டு இழை முறுக்கிய கயிறு மாதிரி. வெயில், சிகரெட் புகை, எக்ஸ்ரே, ஏன், செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகள்கூட அதைச் சேதப்படுத்துகின்றன. ஒரு இழை அறுந்தால் எதிர் இழையைப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் பேராபத்து.

கரண்ட் லைன் அறுந்தால் ஒரே ஆள் எல்லாம் செய்ய முடியுமா? செல்லிலும் முடியாது. புரதங்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

கண்டுபிடிப்பது: மூன்று புரதங்கள் சேர்ந்த எம்.ஆர்.என். என்ற கூட்டணி அறுந்த முனைகளைப் பிடித்துக்கொள்கிறது.

தகவல் சொல்வது: அது ஏ.டி.எம். என்ற புரதத்தைக் கூப்பிடுகிறது. (பணம் எடுக்கிற ஏ.டி.எம். இல்லீங்க!) இதுதான் நம்ம ரிலே. மற்ற புரதங்கள்மேல் பாஸ்பேட்டை ஒட்டி, ‘வேலையை ஆரம்பி’ என்று உத்தரவு போடுகிறது. அறுந்த இடத்தைச் சுற்றி அடையாளமும் வைக்கிறது.

நிறுத்துவது: உத்தரவு வாங்கிய பி53, பி21 என்ற இன்னொரு புரதத்தைப் பெருக்கி, செல் பிரிவதை நிறுத்துகிறது. பிரேக்கர் டிரிப் ஆன மாதிரி! சேதம் மிக அதிகமென்றால் அந்தச் செல்லையே சாகவைக்கிறது.

இணைப்பது: பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 இரண்டும் ராட்51 என்ற புரதத்தை அறுந்த முனையில் கொண்டுவந்து சேர்க்கின்றன. அது பக்கத்திலுள்ள நல்ல நகலைத் தேடிப் பிடிக்க, அதைப் பார்த்து விட்டுப்போனது எழுதப்படுகிறது.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி போனால்? தப்பான டி.என்.ஏ.வோடு செல் பெருகும். புற்றுநோய்க்கு அது ஒரு வழி. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் பி53 கெட்டுப்போயிருக்கிறது.

என் அத்தைக்கு மார்பில் கட்டி வந்தபோது, ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து சொந்தக்காரர்கள் தனி டம்ளர் வைத்தார்கள். ‘அப்படி இல்லை’ என்று சொல்ல எங்கள் வீட்டில் படித்தவர் யாரும் இல்லை. முதலில் படிக்க வந்தவன் நான்தான். இப்போது சொல்கிறேன்: மார்பகப் புற்றுநோய் டம்ளரில் ஒட்டாது. செய்வினையும் இல்லை. செல்லுக்குள் ஏற்படும் பழுது அது.

அந்தப் பழுதையே மருந்தாக்கியிருக்கிறார்கள், நண்பர்களே! ஒற்றை இழை அறுந்தால் ஓடிவருவது பார்ப் என்ற புரதம். ஒலாபரிப் மாத்திரை அதைத் தடுத்துவிடும். அப்போது சேதம் சேர்ந்துகொண்டே போகும். நல்ல செல் பி.ஆர்.சி.ஏ.வை வைத்துச் சமாளிக்கும். பி.ஆர்.சி.ஏ. இல்லாத புற்றுநோய்ச் செல்லுக்கு இரண்டு வழியும் அடைபட்டு, செத்துப்போகும். 2005-இல் ஆய்வகத்தில் காட்டப்பட்ட இந்த வழி, 2014-இல் சினைப்பைப் புற்றுநோய் மருந்தாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது.

டி.என்.ஏ. பழுதுபார்ப்பு ஆய்வுக்காக 2015-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் துருக்கியில் பிறந்த அஜீஸ் சன்ஜார். அவருடைய பெற்றோர் படிக்காதவர்கள். நம் வீடுகளும் அப்படித்தானே? படித்ததை வீட்டில் போய்ச் சொல்வோம். கட்டி என்றால் மறைக்காமல், சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவோம்!