படுத்தால் கூடும் வலி

இடுப்பு வலி என்று வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பயப்பட ஒன்றுமில்லை. சில வாரங்களில் அடங்கிவிடும்; படுத்தால் சுகமாக இருக்கும். முதுகெலும்பில் வளரும் கட்டியால் வரும் வலியின் போக்கு பல நேரம் வேறு. பகலில் மறந்திருந்து, இரவில் படுத்ததும் குடையத் தொடங்கும். தூக்கத்தைக் கலைக்கும். எழுந்து நடந்தால் சிலருக்குத் தேவலை.

எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதை வைத்து நிம்மதியடைய முடியாது. எலும்பின் தாதுச்சத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை கரைந்த பிறகே அதில் மாற்றம் தெரியும். எம்.ஆர்.ஐ. எடுத்தாலோ 'டிஸ்க் பிதுக்கம்' என்று ஒரு வரி வந்துவிடுகிறது. முதுகுவலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் பிதுக்கம் இருந்தது. ஆக, கண்ணில் பட்ட டிஸ்க் மீது பழியைப் போட்டுவிட்டுத் தேடலை நிறுத்திவிடும் ஆபத்து உண்டு. எல்லோருக்கும் ஸ்கேன் தேவையில்லை என்று மருத்துவர்கள் சொல்வது சரிதான். ஆனால் வலியோடு உடல் மெலிகிறதா, முன்பு புற்றுநோய் வந்ததுண்டா என்று கேட்காமல் அந்த முடிவுக்கு வரக்கூடாது.

தண்டுவடம் முதலாவது, இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பருகே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே தொங்கும் 'குதிரைவால்' நரம்புகள்தான் கால்களோடு சிறுநீர், மலம், தாம்பத்திய உணர்ச்சி ஆகியவற்றையும் ஆள்கின்றன. என் கவலையெல்லாம் இங்கேதான். கட்டி இந்த நரம்புகளை அழுத்தும்போது தெரியும் அறிகுறிகள் வாய்விட்டுச் சொல்லக் கூசும் அறிகுறிகள். சிறுநீர் சரியாக இறங்கவில்லை, உட்காரும் இடம் மரத்துக்கிடக்கிறது என்பதை, பக்கத்தில் மகனோ மருமகளோ நிற்கும்போது எந்த அம்மா சொல்வார்? முழங்கால் வலியைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவார். சிறுநீர்ச் சிரமம், மரத்துப்போதல் இரண்டில் எது புதிதாக வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; தள்ளிப்போட்டால் இழந்த கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

இடுப்பு முள்ளெலும்புகளுக்கும் கீழே, திரிக எலும்பில் வரும் கார்டோமா என்ற கட்டி இன்னும் மோசமாக ஏமாற்றும். மெதுவாக வளரும். உட்கார்ந்தால் வலி, மலச்சிக்கல் என்று மூலநோய் போலவே தோன்றும். வழக்கமான இடுப்பு ஸ்கேனில் திரிகத்தின் அடிப்பகுதி விடுபட்டுப்போகலாம். கையுறை போட்டு ஆசனவாய் வழியாக விரலால் தொட்டாலே பல நேரம் அந்தக் கட்டி தட்டுப்படும். நோயாளிக்கு வெட்கம், மருத்துவருக்கு நேரமில்லை. அந்தச் சோதனை பல நேரம் நடப்பதே இல்லை.

படத்தில் கட்டி தெரிந்தாலும் பெயர் வைக்க அவசரப்படக் கூடாது. முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் சாதாரணம். அது புற்றுபோலவே தோன்றுவதுண்டு. பல நேரம் ஊசியால் திசு எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும். கார்டோமா என்ற சந்தேகம் இருந்தால் மலக்குடல் வழியாக ஊசி போடக் கூடாது, போன வழியெல்லாம் நோய் ஒட்டிக்கொள்ளலாம். அறுவை செய்யப்போகிறவரே ஊசியின் பாதையையும் தீர்மானிப்பது நல்லது.

இதற்கெல்லாம் முன்னால், உடன் வந்தவரை இரண்டு நிமிடம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "ஒன்னுக்கு சிரமமில்லாம போகுதாம்மா? கழுவும்போது உணர்ச்சி தெரியுதா?" என்று மருத்துவர் கேட்க வேண்டும். அவர் கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும்.