தூங்குற ரேமைத் தட்டி எழுப்புங்க பாஸ்!

"அக்கா, கைமாத்தா கொஞ்சம் காசு கிடைக்குமா? வேற ரேம் வாங்கணும்!"

வெள்ளிமலையில இருந்து சித்தி பையன் போன்ல இப்படி ஆரம்பிச்சதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு... பய எதுலயோ மாட்டிக்கிட்டான்!

சித்தப்பாவுக்குக் கல்வராயன் மலையில சின்னதா ஒரு மளிகைக் கடை. 'படிப்புக்குத்தான்'னு சத்தியம் பண்ணி, லீவு நாள்ல கடையில நின்னு சேர்த்த காசு, சித்தியோட சீட்டுப் பணம் எல்லாம் போட்டு கேமிங் கம்ப்யூட்டர் கனவுல இறங்கிட்டான் தம்பி. கள்ளக்குறிச்சி 2019-லயே தனி மாவட்டமாயிடுச்சு. ஆனாலும் பார்ட்ஸ் வாங்க இவன் பஸ் ஏறினது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத்தான்!

கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு பத்தலை. அதனால, உள்ளேயே கிராபிக்ஸ் இருக்குற ரைசன் 5 8600ஜி பிராசஸர். கூடவே, '6000'னு அட்டையில பெருசா போட்ட 8 ஜிபி டிடிஆர்5 ரேம் ரெண்டு. வீடியோ பார்த்து அவனே அசெம்பிள் பண்ணிட்டான். ஆனா, கேமைப் போட்டா திக்கித் திணறுது. "இதுக்கா இவ்ளோ காசு?"ன்னு சித்தப்பா முறைக்க, இன்னும் வேகமான ரேம் வாங்கக் கடன் கேட்டு எனக்கு போன்!

2025 கடைசியில ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கிட்டுப் போனதுல ரேம் விலை எங்கேயோ போயிடுச்சு. இந்த நேரத்துல கடன் வாங்கி ரேமா? "ஒரு பைசா செலவு பண்ணாதே. நான் வர்றேன்டா"ன்னு சொல்லிட்டு, கள்ளக்குறிச்சியில பஸ் ஏறி, கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலையேறினேன்.

திருடன் யாரு?

கேபினெட்டைத் திறந்ததும் முதல் திருடன் சிக்கினான். போர்டுல நாலு ஸ்லாட். தம்பி ரெண்டு ரேமையும் பக்கத்துப் பக்கத்துல, 1-லயும் 2-லயும் சொருகி வெச்சிருந்தான். நாலு ஸ்லாட் போர்டுல இந்த ரெண்டும் ஒரே சேனல். அதாவது, ரெண்டு ரோடு இருந்தும் எல்லா பஸ்ஸும் ஒரே ரோட்டுல முட்டிக்கிட்டு நிக்குது! பிராசஸர்ல இருந்து எண்ணி 2, 4-வது ஸ்லாட்ல போட்டாதான் ரெண்டு ரோடும் திறக்கும். இதுதான் டூயல் சேனல்.

ரெண்டாவது திருடன் பயாஸ்ல ஒளிஞ்சிருந்தான். அட்டையில 6000-னு போட்டிருந்தாலும், ரேமை மாட்டினதும் அந்த வேகத்துல ஓடிடாது பாஸ்! 'எதுக்கு வம்பு'ன்னு போர்டு பாதுகாப்பான வேகத்துலதான் ஓட்டும். தம்பியோடது 4800-ல தூங்கிக்கிட்டு இருந்துச்சு.

இப்ப கணக்கைப் பாருங்க. 4800, ஒரே சேனல்னா நொடிக்கு 38.4 ஜிபி. 6000, ரெண்டு சேனல்னா 96 ஜிபி. ரெண்டரை மடங்கு! கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின்ல படம் வரையறதுக்கும் இதே ரேம்தான். அப்புறம் திணறாம என்ன செய்யும்?

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

வேகத்தோட சேர்த்து 'சிஎல்'னு ஒரு நம்பர் இருக்கும். பஸ் எவ்ளோ வேகமா போகுதுங்கிறது ஒண்ணு. கிளம்புறதுக்கு முன்னாடி ஸ்டாண்டுல எவ்ளோ நேரம் நிக்குதுங்கிறது இன்னொண்ணு. சிஎல் அந்த ரெண்டாவது சமாச்சாரம். சிஎல்லை 2000-ஆல பெருக்கி, வேகத்தால வகுத்தா காத்திருக்கும் நேரம் நானோ செகண்ட்ல வரும்.

6000 சிஎல்30 - 10
6000 சிஎல்36 - 12
4800 சிஎல்40 - 16.7
பழைய டிடிஆர்4 3200 சிஎல்16 - அதே 10!

ரைசன் 7000, 9000 வரிசைக்கு 6000 சிஎல்30 அம்சமான ஜோடி. அதுக்கு மேல 7200, 8000-னு போனா மெமரி கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிடும். காசுதான் வேஸ்ட். பழைய ஏஎம்4 போர்டா? 3200 அல்லது 3600 போதும்.

இன்டெல் ஆளுங்க கவனிங்க... எச்610 போர்டுல மெமரி ஓவர்கிளாக் கிடையாது. அதுல காஸ்ட்லி ரேம் போட்டு பிரயோஜனம் இல்லை. பி760 மாதிரி போர்டு வேணும்.

தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போறீங்களா? அப்போ ரேம் வேகத்தால வர்ற வித்தியாசம் பெரும்பாலும் கொஞ்சம்தான். முதல் காசை கார்டுல போடுங்க!

அஞ்சே ஸ்டெப்!

1. ஆன் பண்ணதும் டெலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டிக்கிட்டே இருங்க. பயாஸ் திறக்கும்.

2. ஏஎம்டின்னா 'எக்ஸ்போ', இன்டெல்னா 'எக்ஸ்எம்பி'. ஆன் பண்ணி, எஃப்10 தட்டி சேவ் பண்ணுங்க.

3. ஸ்கிரீன் சில நிமிஷம் கறுப்பாவே இருக்கலாம். பதறாதீங்க, மெமரி டிரெய்னிங் நடக்குது. நடுவுல கரன்ட் போனாலும் ஒண்ணும் ஆகாது, மறுபடி ஆரம்பிக்கும். பயாஸ் அப்டேட் பண்ணும்போது மட்டும் யு.பி.எஸ். கட்டாயம்!

4. டாஸ்க் மேனேஜர்ல 6000 வருதான்னு பாருங்க. சிபியு-இசட்டுல 3000-னு காட்டினா 'ஏமாத்திட்டாங்க'ன்னு கத்தாதீங்க. ஒரு துடிப்புக்கு ரெண்டு தடவை டேட்டா போறதாலதான் அதுக்கு 'டபுள் டேட்டா ரேட்'னு பேரு.

5. மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவ்ல போட்டு ஒரு ராத்திரி ஓட விடுங்க. ஒரு எரர் வந்தாலும் 5600-க்கு இறக்கிடுங்க. பூட்டே ஆகலையா? சிமாஸைக் கிளியர் பண்ணினா பழையபடி வந்துடும்.

ஒரு விஷயம்... எக்ஸ்போவும் எக்ஸ்எம்பியும் கணக்குப்படி ஓவர்கிளாக்கிங்தான். எல்லா பிராசஸரும் அந்த வேகத்தைத் தாங்கும்னு கேரன்டி கிடையாது. வாங்குறதுக்கு முன்னாடி, போர்டு கம்பெனியோட சைட்ல 'இந்த ரேமை டெஸ்ட் பண்ணியிருக்கோம்'னு ஒரு லிஸ்ட் இருக்கும், அதைப் பார்த்துடுங்க. அப்புறம், ரெண்டு ரேமோட நிறுத்திக்குங்க. டிடிஆர்5-ல நாலு ஸ்லாட்டையும் ரொப்பினா வேகம் சரசரன்னு இறங்கிடும்.

தம்பி மெஷின்ல ஸ்லாட் மாத்தி, எக்ஸ்போவைத் தட்டி, கேமைப் போட்டோம். திணறல் போயே போச்சு! மொத்தச் செலவு... எனக்கு பஸ் டிக்கெட், அவனுக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த சித்தப்பா, ரெண்டு நிமிஷம் ஸ்கிரீனையே பார்த்தார். "நல்லாத்தான் ஓடுது. ஆமா, இதுல படிப்பு எங்கடா இருக்கு?"

அதுக்கு எந்த பயாஸ்லயும் செட்டிங் இல்லை பாஸ். ஆனா, அடுத்த தடவை 'மெஷின் ஸ்லோ'ன்னு பர்ஸைத் திறக்குறதுக்கு முன்னாடி, ஒரு தடவை பயாஸைத் திறந்து பாருங்க!