நோவாத கட்டி

தோட்டப்புறத்தில் தொடையில் கட்டி கண்டால், நோவில்லையே என்று விட்டுவிடுவோர் பலர். பெரும்பாலானவை கொழுப்புக் கட்டிகளே. ஆயினும் சதைப்புற்றாகிய சார்க்கோமாவும் நோவின்றி வளரக்கூடும். (சதையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது இப்பெயர்.) மூட்டருகே தோன்றும் ஒருவகை, ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்து மருத்துவரையும் ஏய்த்துவிடும். 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதும், ஆழத்திலிருப்பதும், வளர்ந்துகொண்டே போவதும் ஐயத்திற்குரியவை.

சிறு கட்டிதானே என்று உடனே அறுத்தெடுப்பதுதான் பெருந்தவறு. புற்றணுக்கள் சுற்றுச்சதையில் தங்கிவிடும். மறு அறுவை முன்னதினும் பெரிதாகும். முதலில் காந்த அலைப் படம், பின் ஊசியால் எடுத்த சதைத்துணுக்கை நுண்ணோக்கியில் ஆய்தல், அதன்பின்னரே சுற்றியுள்ள நல்ல சதையோடு சேர்த்து அறுவை. வேண்டுமாயின் கதிர் மருத்துவமும் உண்டு. நுரையீரலுக்குப் பரவுமாதலால் மார்பையும் படமெடுப்பர். முன்னாளில் காலையே துண்டித்தனர். இன்று பெரும்பாலோர்க்குக் கால் காக்கப்படுகிறது.

ஜாசின், அலோர் காஜா மக்கள் மலாக்கா மருத்துவமனையை நாடலாம். புத்ராஜெயாவில் 2013இல் தேசியப் புற்றுநோய்க் கழகமும் திறக்கப்பெற்றது. கட்டியின் அளவையும், கண்ட நாளையும் குறித்துக்கொண்டு செல்வது மருத்துவர்க்குப் பேருதவி.