நெடுங்காலம் நின்ற மோட்டார் சைக்கிளைப் புதுப்பித்தல்

நம் நாட்டில் 1955ஆம் ஆண்டில் சென்னையில் புல்லட் மோட்டார் சைக்கிளும், 1961ஆம் ஆண்டில் மைசூரில் ஜாவா மோட்டார் சைக்கிளும் உருவாகத் தொடங்கின. அக்காலத்து வண்டிகள் சில இன்றும் கொட்டகைகளில் தூசு படிந்து நிற்கின்றன. இத்தகைய வண்டியை மீண்டும் ஓட்ட விழைவோர் செய்யும் முதற்பிழை, பெட்ரோலை ஊற்றி உடனே கிக்கரை உதைத்துப் பார்ப்பதாகும். முப்பது, நாற்பது ஆண்டுகள் நின்றதால் நேராத சேதத்தை அந்த ஓர் உதை விளைவித்துவிடக்கூடும்.

நின்ற வண்டியில் நிகழ்வது யாது?

ஓடாத யந்திரம் தேயாது என்பது உண்மையே. ஆயினும் அது மாறாதிருப்பதில்லை. பகல் வெப்பத்தில் தொட்டியிலுள்ள காற்று விரிந்து வெளியேறுகிறது. இரவில் சுருங்கி, ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. அவ்வீரம் உலோகச் சுவரில் நீர்த்துளிகளாகப் படிகிறது. நீரும் பிராணவாயுவும் சேர்ந்து இரும்பைத் துருவாக்குகின்றன. துருவானது இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆதலின் சிலிண்டரும் பிஸ்டன் வளையங்களும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. இந்நிலையில் பலவந்தமாகச் சுழற்றினால் வளையங்கள் ஒடியும்; சிலிண்டர்ச் சுவரில் கீறல் விழும். பெட்ரோலின் இலேசான பகுதிகளோ ஆவியாகிவிட, எஞ்சியது பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது.

யந்திரத்தை இளக்குதல்

முதலில் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே டீசலும் யந்திர எண்ணெயும் கலந்த கலவையைச் சிறிதளவு ஊற்றிச் சில நாட்கள் ஊறவிடுதல் வேண்டும். பின்னர் உச்ச கியரில் இட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்தல் நலம். இளகாவிடில் தலைப்பகுதியைக் கழற்றிப் பார்க்கவேண்டுமேயன்றிச் சம்மட்டியை நாடலாகாது. புல்லட் போன்ற நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் பழைய எண்ணெய் முழுவதையும் வடித்து, புதிய எண்ணெய் எங்கும் பரவும் வரை பிளக் இன்றியே யந்திரத்தைச் சுழற்றுதல் அவசியம்.

தொட்டியின் துரு நீக்கம்

இது வகுப்பறைக்கும் ஏற்ற பாடமாகும். பெட்ரோல் ஆவி சிறிதும் இராதபடி தொட்டியைப் பலமுறை கழுவியபின், நான்கு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடா கரைத்து நிரப்புக. தொட்டியின் சுவரைத் தொடாதவாறு ஓர் இரும்புக் கம்பியை உள்ளே தொங்கவிட்டு, மின்கல மின்னூட்டியின் எதிர்முனையைத் தொட்டியுடனும் நேர்முனையைக் கம்பியுடனும் இணைத்தால், துரு இளகிக் கழன்றுவிடும். எவர்சில்வர் கம்பியை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அதிலுள்ள குரோமியம் நச்சுப்பொருளாக மாறி நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு எழுவதால், இதனைத் திறந்தவெளியில், நெருப்பு அணுகாதவாறு செய்தல் வேண்டும். முடிந்ததும் தொட்டியைக் கழுவி, உலர்த்தி, உடனே எண்ணெய் பூசாவிடில் ஒரே நாளில் துரு மீண்டும் தோன்றும்.

கவனிக்க வேண்டுவன

பழைய டயரின் பட்டைகள் தேயாதிருப்பினும், ரப்பர் இறுகி வெடித்திருக்குமாதலால் அதை நம்புதல் கூடாது. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும். அத்தூளை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025ஆம் ஆண்டில் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதோடு, பழைய ரப்பர்க் குழாய்களையும் அடைப்பான்களையும் கெடுக்கும். ஆகவே அவற்றை மாற்றிவிடுவதே தக்கது.

இறுதியாக ஒன்று. ஐம்பதாண்டு கடந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவு வழங்க 2021ஆம் ஆண்டில் மத்திய அரசு விதி வகுத்தது. சட்டகமும் யந்திரமும் பெரும் மாற்றமின்றி மூல வடிவில் இருத்தல் அதன் நிபந்தனையாகும். எனவே சட்டக எண்ணைத் தேய்த்தழிப்பதும், மூல உறுப்புகளை எறிந்துவிடுவதும் அறியாமையாகும். கழற்றும் ஒவ்வோர் உறுப்பையும் குறித்து, படமெடுத்து வைத்துக்கொள்க. புதுப்பித்தல் என்பது பழையதைப் புதிதாக்குவதன்று, எஞ்சியிருப்பதைக் காப்பதேயாகும். பொறுமையே இதற்கு முதற்கருவி.