சேலம் மாநகராட்சியில் பொதுமக்கள் கோரிக்கைகள்

சேலம் மாநகராட்சியில் பொதுமக்கள் கோரிக்கைகள் என்பன குடிநீர், கழிவுநீர் வடிகால், சாலை, தெருவிளக்கு, துப்புரவு, சொத்துவரி போன்றவை குறித்து நகரவாசிகளும், குடியிருப்போர் நலச் சங்கங்களும், வணிகர் அமைப்புகளும், தன்னார்வக் குழுக்களும் மாநகராட்சி மன்றத்திடமோ அதன் அலுவலர்களிடமோ முன்வைக்கும் மனுக்கள் ஆகும். தமிழ்நாட்டின் ஏனைய மாநகராட்சிகளில் உள்ள நடைமுறையே பெரும்பாலும் சேலத்திலும் பின்பற்றப்படுகிறது. மனுவைப் பெறுவதற்கு அலுவலகம் ஒன்று போதும். ஆனால் அதன்மீது மன்றத்தில் கேள்வி எழுப்பத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் தேவை. 2016 முதல் 2022 வரை மன்றம் இல்லாதிருந்த காலத்தில் இவ்வேறுபாடு தெளிவாக வெளிப்பட்டது.

வரலாறு

சேலம் நகராட்சி 1866ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. பின்னாளில் இந்திய தேசிய காங்கிரசின் தலைவரான சே. விஜயராகவாச்சாரியார் 1882இல் இதன் உறுப்பினராக இருந்தார். சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்திய ச. இராஜகோபாலாச்சாரி (இராஜாஜி) 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராகப் பணியாற்றினார்.

நகரவாசிகளின் கோரிக்கை ஒன்றை நகராட்சி ஏற்க மறுத்த நிகழ்ச்சி இராஜாஜியின் காலத்தைச் சேர்ந்தது. பொதுக் குடிநீர்க் குழாய்களைத் திறந்து மூடும் பணிக்குத் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஊழியர் அமர்த்தப்பட்டதை அக்கிரகாரத்தார் எதிர்த்தனர் என்றும், இராஜாஜி அவ்வெதிர்ப்புக்கு இணங்கவில்லை என்றும் அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. கோரிக்கையாளர்கள் வரி செலுத்துவோராகவும் வாக்காளராகவும் இருந்தபோதிலும், பிறரது உரிமையைப் பாதிக்கும் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்பதே இந்நிகழ்ச்சியின் சிறப்பாகும்.

சேலம் நகராட்சி 1994 சூன் 1 அன்று மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. சூரமங்கலம் நகராட்சியும் சுற்றுப்புற ஊர்கள் பலவும் இதனுடன் இணைந்தன. மாநகராட்சி சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி ஆகிய நான்கு மண்டலங்களாகவும் 60 கோட்டங்களாகவும் (வார்டுகளாகவும்) பிரிக்கப்பட்டது.

சட்ட அடிப்படை

1993 சூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கு அரசியலமைப்புத் தகுதி வழங்கியது. அவற்றுக்கு அளிக்கத்தக்க 18 பொறுப்புகள் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியலிடப்பட்டுள்ளன. மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்று உறுப்பு 243எஸ் கூறுகிறது. உள்ளாட்சி மன்றத்தின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள் என்பதும், அது முடியுமுன் தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்பதும் உறுப்பு 243யு தரும் விதிகளாகும்.

மாநிலச் சட்ட நிலையில், 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் திருத்தங்களுடன் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

மனு செல்லும் வழி

நகரவாசி ஒருவர் தம் கோரிக்கையைப் பல வழிகளில் அளிக்கலாம். தம் கோட்டத்தின் மாமன்ற உறுப்பினரிடம் (கவுன்சிலர்) கூறலாம். மண்டல அலுவலகத்தில் உதவி ஆணையரிடம் அளிக்கலாம். மைய அலுவலகத்தில் மேயரிடமோ ஆணையரிடமோ நேரில் கொடுக்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அளிக்கப்படும் மனுக்களுள் நகரப் பணிகள் தொடர்பானவை மாநகராட்சிக்கு அனுப்பப்படும்.

மாமன்ற உறுப்பினரிடம் அளிக்கப்படும் கோரிக்கைக்கும் அலுவலரிடம் அளிக்கப்படும் கோரிக்கைக்கும் வேறுபாடு உண்டு. குழாய் உடைப்பு, விளக்குப் பழுது, குப்பை அகற்றல் போன்றவற்றை அலுவலர்களே சரிசெய்யலாம். புதிய வடிகால், பூங்கா, சாலை போன்றவற்றுக்கு மதிப்பீடும் நிதி ஒதுக்கீடும் தேவை. நிதி அளவைப் பொறுத்து இவை மன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டியவை. எனவே இத்தகைய கோரிக்கைகள் உறுப்பினர் வழியாக மன்றக் கூட்டத்திலோ, பணிகள், பொது சுகாதாரம், நகரமைப்பு, வரிவிதிப்பு மற்றும் நிதி போன்ற நிலைக்குழுக்களிலோ எழுப்பப்படுகின்றன.

அரசு அலுவலகங்களுக்கு வரும் மனுக்களுக்கு மூன்று நாட்களுக்குள் ஒப்புகை தரப்பட வேண்டும் என்றும், ஒரு மாதத்துக்குள் முடிவு காணப்பட வேண்டும் என்றும் 2015ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட தமிழக அரசாணை கூறுகிறது. மனுவின் நிலையை அறிய 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் பயன்படுத்தப்படுகிறது.

அதிகார எல்லை

கோரிக்கைகள் தாமதமாவதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று, நகரின் பணிகள் பல துறைகளிடையே பிரிந்து கிடப்பதாகும். மின் வழங்கல் மின்வாரியத்தையும், பட்டா வருவாய்த் துறையையும், குடும்ப அட்டை உணவுப் பொருள் வழங்கல் துறையையும், நகரப் பேருந்து அரசுப் போக்குவரத்துக் கழகத்தையும் சார்ந்தவை. நகருக்குள் செல்லும் முதன்மைச் சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறையின் பராமரிப்பில் உள்ளன. ஒரே சாலையில் மேல்தளம் ஒரு துறைக்கும், அடியில் செல்லும் குழாய் மாநகராட்சிக்கும் உரியதாக இருக்கலாம்.

இவ்வாறான சூழலில் மனு ஒரு அலுவலகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்படுகிறது. இவ்வாறு மாற்றப்பட்ட மனு 'முடிக்கப்பட்டது' எனப் பதிவாகுமானால், மனுதாரரின் குறை தீராமலே கோப்பு மூடப்படும் நிலை ஏற்படலாம்.

மன்றம் இல்லாத காலம் (2016–2022)

2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிவடைந்தது. அம்மாதத்தில் நடைபெறவிருந்த தேர்தலுக்கான அறிவிக்கையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 அக்டோபர் 4 அன்று இரத்து செய்தது. பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு முறையாகப் பின்பற்றப்படவில்லை என்ற வழக்கில் இத்தீர்ப்பு அளிக்கப்பட்டது. அதன்பின் வார்டு மறுவரையறை, வழக்குகள், கொரோனா பெருந்தொற்று ஆகியவற்றால் தேர்தல் தள்ளிப்போனது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பெப்ரவரி 19 அன்றே நடைபெற்றது.

இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் மன்றத்தின் அதிகாரங்கள் தனி அலுவலர்களிடம் இருந்தன. மனுக்கள் பெறப்பட்டன, அன்றாடப் பணிகளும் நடைபெற்றன. ஆயினும் முடிவு எடுப்பவரும், அதனை நிறைவேற்றுபவரும், அதன்மீதான குறையைக் கேட்பவரும் ஒரே நிர்வாகத்தினராகவே இருந்தனர். சேலம் 2016 செப்டம்பரில் சீர்மிகு நகரங்கள் (ஸ்மார்ட் சிட்டி) திட்டத்துக்குத் தேர்வாகியது. அதன் பெரும் பணிகள் பல இக்காலத்திலேயே தொடங்கப்பட்டன. 2018 சூலையில் அறிவிக்கப்பட்ட சொத்துவரி உயர்வும் மன்றங்கள் இல்லாத நிலையிலேயே நடைமுறைக்கு வந்தது. எதிர்ப்புகளுக்குப்பின் 2019 நவம்பரில் மாநில அரசு அதனை நிறுத்திவைத்தது.

2022 ஏப்ரலில் மீண்டும் சொத்துவரி உயர்வு அறிவிக்கப்பட்டபோது, அது தீர்மானமாக உள்ளாட்சி மன்றங்களின் முன் வைக்கப்பட்டது. மன்றம் இருந்ததால் வரி உயர்வு தவிர்க்கப்படவில்லை. ஆனால் எதிர்ப்பாளரின் கருத்தை மன்றத்தில் பதிவு செய்வதற்கும், ஆதரித்த உறுப்பினர் யார் என்பதை வாக்காளர் அறிவதற்கும் வழி இருந்தது.

வார்டு குழுவும் பகுதி சபையும்

ஊராட்சிகளில் கிராம சபைகள் உள்ளதைப்போல் நகரங்களிலும் வாக்காளர் நேரடியாகக் கூடும் அமைப்பு வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருந்தது. தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2022 சூனில் வெளியிடப்பட்டன. இவ்விதிகளின்படி ஒவ்வொரு கோட்டமும் பல பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. பகுதியின் வாக்காளர் அனைவரும் பகுதி சபையின் உறுப்பினர் ஆவர். மாமன்ற உறுப்பினர் வார்டு குழுவின் தலைவராக இருப்பார். உள்ளாட்சி நாளான 2022 நவம்பர் 1 அன்று மாநிலத்தின் நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்தப்பட்டன.

வார்டு குழுவில் பகுதிகளின் சார்பில் இடம்பெறுவோர் வாக்காளரால் தேர்ந்தெடுக்கப்படாமல் நியமிக்கப்படுகின்றனர் என்பது இம்முறை மீது வைக்கப்படும் முதன்மையான விமர்சனமாகும்.

குழுக்களின் பங்களிப்பு

சில குழுக்கள் கோரிக்கையுடன் நில்லாமல் உழைப்பும் பொருளும் அளிக்க முன்வருகின்றன. சேலம் மக்கள் குழு என்னும் தன்னார்வ அமைப்பு கன்னங்குறிச்சியிலுள்ள மூக்கனேரியை 2010 முதல் சீரமைத்தது இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும். ஏரிக்குள் மண் திட்டுகள் அமைக்கப்பட்டு அவற்றில் மரக்கன்றுகள் நடப்பட்டன. பின்னர் இது பறவைகள் கூடும் இடமாகியது.

பொதுமக்கள் ஒரு பகுதிச் செலவை ஏற்க, எஞ்சியதை அரசு வழங்கும் 'நமக்கு நாமே' திட்டம் 1990களின் பிற்பகுதியில் தொடங்கப்பட்டது. 2021 டிசம்பர் 11 அன்று சேலத்தில் இது புதிய வடிவில் மீண்டும் தொடங்கிவைக்கப்பட்டது. பணம் செலுத்த இயன்ற குடியிருப்புகள் பூங்காவும் சாலையும் விரைவில் பெறுவதற்கு இத்தகைய திட்டம் உதவுகிறது. அவ்வாறு செலுத்த இயலாத குடிசைப் பகுதிகள் மன்றத்தின் பொது நிதியையே நம்பியிருக்க வேண்டியுள்ளது.

எல்லைக்கு அப்பால்

சேர்வராயன் மலைப்பகுதியில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் நடுவே பாய்ந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியுடன் கலக்கிறது. நகரின் கழிவுநீரும் சாயக்கழிவும் இவ்வாற்றை மாசுபடுத்துவதால், கீழ்ப்பகுதி வேளாண்மையும் கிணற்று நீரும் பாதிக்கப்படுவதாக உழவர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். இவர்கள் சேலம் மாநகராட்சியின் வாக்காளர் அல்லர். அவர்களுக்காக மாமன்றத்தில் பேச உறுப்பினரும் இல்லை. எனவே இக்கோரிக்கை மாவட்ட நிர்வாகங்களிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமுமே செல்கிறது.

நாமக்கல் நகராட்சி 2024 ஆகத்தில் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. இத்தகைய தரவுயர்வின்போது ஊராட்சிகள் இணைக்கப்பட்டால், அங்குள்ளோர் கிராம சபையையும் ஊரக வேலைத் திட்டத்தையும் இழக்கின்றனர். குடிநீர், சாலை ஆகியவற்றுக்காக நகருடன் இணைய விரும்புவோரும், வரி உயர்வுக்கு அஞ்சி இணைப்பை எதிர்ப்போரும் ஒரே ஊரில் இருப்பதுண்டு. கிராம சபைக்கு ஈடாகப் பகுதி சபைகள் முறையாகக் கூடுவது இவர்களுக்கு இன்றியமையாததாகும்.