இரவுப் பணியும் முழு முகவரியும்

மனிதர் உறங்கும் வேளையிலும் இட்ட பணியைச் செய்து முடிக்கும் ஆற்றல் கணினிக்கு உண்டு. குறித்த நேரத்தில் பணிகளைத் தானே தொடங்கும் ‘கிரான்’ என்னும் நிரல், 1979ஆம் ஆண்டு வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இடம்பெற்றிருந்தது. விண்டோஸ் இயக்க அமைப்பில் ‘டாஸ்க் ஷெட்யூலர்’ இதனைச் செய்கிறது.

சேலம் அஸ்தம்பட்டியில் ஓர் அலுவலகம் இருப்பதாகக் கொள்வோம். அங்குள்ள கணினியில் பதிவாகும் அன்றாடக் கணக்குகள், இரவு 11 மணிக்குச் சேவையகத்தின் பகிர்வுக் கோப்புறைக்கு நகலெடுக்கப்பட வேண்டும். அக்கோப்புறைக்கு ‘இசட்’ என்னும் இயக்கக எழுத்துச் சூட்டப்பட்டுள்ளது. பகலில் எழுத்தர் சொடுக்கியவுடன் அது திறக்கிறது. ஆனால், எவரும் உள்நுழையாத இரவில் பணி தொடங்கியும் ஒரு கோப்புகூட நகலாவதில்லை. திங்கள் பல கடந்து வன்தட்டுப் பழுதாகும் நாளில்தான் இக்குறை வெளிப்படும். அன்று கணக்குகளை மீட்க வழியிராது.

இதற்குக் காரணம் யாது? ‘இசட்’ என்பது கணினி முழுமைக்கும் உரிய பெயரன்று. உள்நுழைந்த பயனரின் அமர்வுக்கு மட்டுமே உரியது. இரவுப் பணி தனக்கெனத் தனி அமர்வில் இயங்குகிறது. அவ்வமர்வில் ‘இசட்’ என்ற இயக்ககமே இல்லை. வீட்டார் மட்டும் அறிந்த செல்லப்பெயரை உறைமேல் எழுதி அஞ்சலில் இட்டால் கடிதம் எங்ஙனம் போய்ச் சேரும்? எனவே, இயக்கக எழுத்தை விடுத்து, இரண்டு பின்சாய்கோடுகளை அடுத்துச் சேவையகத்தின் பெயர், பின்னர் மற்றொரு பின்சாய்கோட்டுடன் கோப்புறையின் பெயர் என முழு முகவரியை நிரலில் எழுதுதல் வேண்டும்.

முகவரி சரியாயினும், வருபவர் யார் எனச் சேவையகம் வினவும். ‘சிஸ்டம்’ என்னும் உள்ளமைந்த கணக்கு, தன் கணினிக்குள் பேரதிகாரம் உடையது. பிற கணினிகளிலோ அவ்வதிகாரம் செல்லாது. கடவுச்சொல்லைச் சேமிக்க வேண்டா என்னும் விருப்பத்தைத் தேர்ந்தால், பணி அக்கணினியில் உள்ளவற்றை மட்டுமே அணுகும். ஆகவே, இப்பணிக்கெனத் தனிப் பயனர் கணக்கைத் தொடங்கி, அப்பகிர்வுக் கோப்புறையில் எழுதத் தேவையான உரிமையை மட்டும் அளித்து, கடவுச்சொல்லைப் பணியுடன் சேமித்தல் தக்கது. கடவுச்சொல்லை மாற்றும்போது பணியிலும் அதனை மாற்ற மறத்தலாகாது.

பணி தொடங்கியது என்னும் குறிப்பு, அது நிறைவேறியதற்குச் சான்றாகாது. நிரல் தரும் செய்திகளைப் பதிவுக் கோப்பில் சேமிக்கச் செய்து, நாள்தோறும் காலையில் அதனை நோக்க வேண்டும். நகலெடுத்த கோப்புகளுள் ஒன்றை அவ்வப்போது திறந்தும் பார்க்க வேண்டும். பகலில் நம் கண்முன் இயங்கிய ஒன்று, நாம் இல்லாத இரவிலும் அவ்வாறே இயங்கும் எனக் கருதிவிடாமல் சோதித்தறிவதே கணினியைக் கையாள்வோரின் கடமையாகும்.