கல்லீரல் ஸ்கேன்: ‘கிரேடு 1’ சொல்லாமல் விடுவது என்ன?

பித்தப்பைக் கல்லுக்காகவோ, தீராத வயிற்று வலிக்காகவோ, அலுவலகம் ஏற்பாடு செய்த முழு உடல் பரிசோதனைக்காகவோ ஸ்கேன் எடுத்துக்கொண்ட பலரின் அறிக்கையில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்றொரு வரி இருக்கிறது. “இப்பல்லாம் எல்லாருக்கும் இருக்கிறதுதான்” என்று சிலர் ஃபைலை மூடிவிடுகிறார்கள். வேறு சிலர் கல்லீரலைச் ‘சுத்தம்’ செய்யும் லேகியத்தையும் மாத்திரையையும் தேடி அலைகிறார்கள். அந்த வரி எதை அளந்தது, எதை அளக்கவே இல்லை என்பது தெரிந்தால் அலட்சியமும் வேண்டாம், அலைச்சலும் வேண்டாம்.

கல்லீரல் செல்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கொழுப்பு படிந்திருந்தால் அது கொழுப்புக் கல்லீரல். மதுவால் வருவது ஒரு வகை. மதுவைத் தொடாதவர்களுக்கும் சர்க்கரை நோய், தொப்பை, உயர் ரத்த அழுத்தம், ரத்தத்தில் கூடிய கொழுப்பு ஆகியவற்றோடு சேர்ந்து வருவது இன்னொரு வகை. சென்னையில் நடந்த ஆய்வொன்று 2009இல் வெளியானது. அதில் ஸ்கேன் செய்யப்பட்ட 541 பேரில் 32 சதவீதத்தினருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்தது. சர்க்கரை நோயாளிகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது அது பாதிக்கு மேல் போனது.

ஸ்கேன் அறையில் பார்ப்பது என்ன?

வெறும் வயிற்றோடு படுக்க வைத்து, வலது விலா எலும்புக்குக் கீழே ஜெல் தடவி, “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்கிறார் மருத்துவர். மூச்சை இழுத்ததும் உதரவிதானம் கீழே இறங்கும். அதோடு கல்லீரலும் இறங்கித் திரையில் தெளிவாகத் தெரியும். அதற்கு அடியிலேயே வலது சிறுநீரகம். மருத்துவரின் கண் இந்த இரண்டையும் ஒப்பிடுகிறது. ஆரோக்கியமான கல்லீரலும் சிறுநீரகமும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். கல்லீரலில் உள்ள கொழுப்புத் துளிகள் ஒலி அலைகளைச் சிதறடிப்பதால், கொழுப்பு கூடக் கூடக் கல்லீரல் வெளுத்துக்கொண்டே போகும்.

லேசாக வெளுத்து, ரத்தக் குழாய்களின் விளிம்பு பளிச்சென்று தெரிந்தால் கிரேடு 1. விளிம்புகள் மங்கினால் கிரேடு 2. ஒலி ஆழத்துக்குப் போக முடியாமல் கல்லீரலின் பின்பகுதியும் உதரவிதானமும் மறைந்தே போனால் கிரேடு 3.

செலவு குறைவு, கதிர்வீச்சு இல்லை, சிறு நகரங்களிலும் கிடைக்கிறது. ஆனால் இந்தத் தரம் பெரும்பாலும் பார்ப்பவரின் கண் மதிப்பீடு. கொழுப்பு சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சாதாரண ஸ்கேன் தவறவிடலாம். உடல் பருமன் உள்ளவர்களிடம் படமே தெளிவாக விழாது.

கொழுப்பு வேறு, தழும்பு வேறு

கொழுப்பு படிந்த கல்லீரல் எல்லாம் கெட்டுப்போவதில்லை. சிலருக்கு அந்தக் கொழுப்பு அழற்சியைக் கிளப்பும். அழற்சி ஆறும் இடத்தில் நார்த்தழும்பு விழும். தழும்பு பெருகிக் கல்லீரல் சுருங்கி இறுகிவிட்டால் அது சிரோசிஸ். தழும்பை மருத்துவர்கள் ‘எஃப்0’ முதல் ‘எஃப்4’ வரை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள்; சிரோசிஸ்தான் ‘எஃப்4’. நோயாளியின் வருங்காலத்தைப் பெரிதும் தீர்மானிப்பது இந்தத் தழும்பின் நிலை.

சிக்கல் இங்கேதான். வழக்கமான வயிற்று ஸ்கேன் ஆரம்பகட்டத் தழும்பைக் காட்டாது. கிரேடு 1 உள்ள ஒருவருக்கு எஃப்3 தழும்பு இருக்கலாம்; கிரேடு 3 உள்ளவருக்குத் தழும்பே இல்லாமலும் இருக்கலாம். ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதியின் அளவு சரியாக இருப்பதை வைத்தும் நிம்மதி அடைய முடியாது. தழும்பு முற்றிய பலருக்கும் அது சாதாரண அளவிலேயே இருக்கும்.

ஆறுதலான விஷயம், அவகாசம் இருக்கிறது என்பது. வெறும் கொழுப்பு மட்டும் இருப்பவருக்குத் தழும்பு ஒரு நிலை ஏறச் சராசரியாக 14 ஆண்டு ஆகிறது. அழற்சியும் சேர்ந்தால் 7 ஆண்டு. சிலருக்கு இதைவிட வேகமாகவும் ஏறுவதுண்டு.

தட்டிப் பார்க்கும் கருவி

தேங்காயைத் தட்டிப் பார்த்தே உள்ளே எப்படி என்று கணிப்பதுபோல, கல்லீரலைத் தட்டிப் பார்ப்பதுதான் ஃபைப்ரோஸ்கேன். பிரான்ஸில் உருவாகி 2003 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. மல்லாந்து படுத்து, வலது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே கருவியின் முனையை வைத்து அழுத்தினால், விரலால் சுண்டியது போல ஓர் அதிர்வு. வலிக்காது. சரியான பத்து அளவீடுகள் கிடைக்கும்வரை சுண்டல் தொடரும். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

அந்த அதிர்வு கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைக் கருவி கணக்கிடுகிறது. கல்லீரல் இறுகியிருந்தால் அலை வேகமாக ஓடும். விடை கிலோபாஸ்கலில் வரும். 8க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 12ஐத் தாண்டினால் கல்லீரல் நிபுணரைப் பார்த்தாக வேண்டும். இடைப்பட்டவர்களுக்குக் கூடுதல் பரிசோதனை தேவைப்படும். அதே கருவி கொழுப்பின் அளவையும் ‘கேப்’ என்ற எண்ணாகத் தருகிறது.

பரிசோதனைக்கு முன் மூன்று மணி நேரம் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டதும் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடி, இல்லாத இறுக்கத்தை இருப்பதாகக் காட்டிவிடும். மஞ்சள் காமாலை, இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் எண் பொய்யாக ஏறலாம்.

மிகத் துல்லியமான கொழுப்புக் கணக்கு எம்.ஆர்.ஐ.யில் கிடைக்கிறது. நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் தரும் சமிக்ஞைகளைப் பிரித்து, கொழுப்பு எத்தனை சதவீதம் என்று அது சொல்லிவிடும். 5 சதவீதக் கொழுப்பையே கண்டுபிடிக்கும் என்பதால் புதிய மருந்துகளின் ஆய்வில் இதைத்தான் நம்புகிறார்கள். செலவு அதிகம், எல்லாருக்கும் தேவையும் இல்லை. சி.டி. ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் மண்ணீரலைவிடக் கறுத்துத் தெரியும். ஆனால் கதிர்வீச்சு இருப்பதால் இதற்கென்று தனியாக சி.டி. எடுப்பதில்லை.

யார், எதிலிருந்து தொடங்குவது?

ஊரில் உள்ள எல்லாரையும் ஸ்கேன் எடுக்கச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகள், உடல் பருமனோடு ரத்த அழுத்தமோ ரத்தக் கொழுப்போ கூடியவர்கள், குடும்பத்தில் சிரோசிஸ் வந்தவர்கள் ஆகியோர்தான் முதலில் பார்க்க வேண்டியவர்கள்.

இவர்களுக்கான முதல் வடிகட்டி ‘ஃபிப்-4’ என்ற கணக்கு. வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டு நொதிகளின் அளவு, ரத்தத் தட்டணுக்கள் ஆகிய நான்கும் போதும். 52 வயதுக்காரர் ஒருவருக்கு எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 56, தட்டணுக்கள் 1.8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் சுமார் 1.85 வரும். 1.3க்குக் கீழே என்றால் இப்போதைக்கு முற்றிய தழும்பு பற்றிய கவலை குறைவு, 2.67க்கு மேல் என்றால் நிபுணரிடம் போக வேண்டும். இவர் நடுவில் இருப்பதால் அடுத்தது ஃபைப்ரோஸ்கேன். 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லை 2.0.

மத்திய அரசு 2021இல் கொழுப்புக் கல்லீரல் நோயைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க வருபவர்களிடமே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஆபத்தில் இருப்பவர்களில் பலரை விலை உயர்ந்த கருவி இல்லாமலே பிரித்தெடுத்துவிடலாம்.

கண்டுபிடித்த பிறகு

உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சி தணியும். 10 சதவீதத்தைத் தாண்டினால் தழும்பே பின்வாங்க வாய்ப்பு உண்டு. 80 கிலோ எடை உள்ளவருக்கு அது 8 கிலோ. மதுவை நிறுத்துவதும், பாட்டில் குளிர்பானத்தை விடுவதும், தட்டில் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுவதும், தினமும் வேர்க்க நடப்பதும் இதில் அடக்கம். அமெரிக்காவில் 2024இல் ரெஸ்மெடிரோம், 2025இல் செமாக்ளூடைட் என இரண்டு மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. அந்த அனுமதி அழற்சியோடு எஃப்2, எஃப்3 தழும்பு உள்ளவர்களுக்கானது. எடைக் குறைப்பும் கூடவே நடந்தாக வேண்டும்.

எனவே ‘ஃபேட்டி லிவர்’ என்று எழுதிய அறிக்கையோடு மருத்துவரிடம் போகிறவர், “கிரேடு எத்தனை?” என்பதோடு நிறுத்தாமல், “தழும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா?” என்றும் கேட்பது நல்லது. இல்லை என்று தெரிந்தாலும், சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை அதே ‘ஃபிப்-4’ கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும்.